பச்சை டிக் காட்டினால் டயர் பொருந்திவிடுமா?

"கம்ப்யூட்டரே சரின்னு சொல்லிடுச்சு அத்தான்!"

துபாயில் வேலை பார்க்கும் என் மைத்துனர் போனில் சொன்ன வாசகம் இது. புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய பலரிடமும் இதே நம்பிக்கையைப் பார்க்கிறேன். திரையில் பச்சை நிறத்தில் ஒரு டிக் வந்துவிட்டால் போதும், பர்ஸைத் திறந்துவிடுகிறோம். கம்ப்யூட்டர் தவறாகக் கணக்குப் போடுவதில்லை என்பது உண்மைதான். ஆனால் நாம் கேட்ட கணக்கை மட்டும்தான் அது போடுகிறது. நாம் கேட்க மறந்ததைப் பற்றி அது வாய் திறப்பதில்லை.

கம்ப்யூட்டர் இதழில் கார் டயருக்கு என்ன வேலை என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். எக்ஸெல் பழகுவதற்கு இதைவிடச் சுவையான பயிற்சி எனக்குத் தெரியவில்லை. வட்டிக் கணக்கும் மளிகைக் கணக்கும் போட்டு அலுத்துப் போனவர்களும் இதை முயன்று பார்க்கலாம்.

மைத்துனரிடம் இருப்பது டொயோட்டா 86. டொயோட்டாவும் சுபாருவும் சேர்ந்து உருவாக்கி 2012-ல் விற்பனைக்கு வந்த ஸ்போர்ட்ஸ் கார். அவருடையது பழைய வண்டியாக வாங்கியது. அதில் வரும் டயர் 215/45 ஆர் 17. இது பார்வைக்கு ஒல்லியாக இருக்கிறது, 18 அங்குல ரிம் போட்டு அகலமான டயர் மாட்ட வேண்டும் என்பது அவர் ஆசை. யாரோ கழற்றி வைத்த 18 அங்குல ரிம் நான்கு, நல்ல விலைக்கு வந்திருக்கிறது. அதற்கு 245/35 ஆர் 18 டயர் போடலாம் என்று ஒரு டயர் கால்குலேட்டர் இணையதளம் பச்சை டிக் காட்டிவிட்டது. ரிம், டயர் எல்லாம் சேர்த்தால் அவருடைய ஒரு மாதச் சம்பளம் காலி. பணம் அனுப்புவதற்கு முன் என்னிடம் சொன்னாரே, அதுவரை நல்லது.

முதலில் இந்த எண்களைப் புரிந்துகொள்வோம். 215 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 45 என்பது மில்லிமீட்டர் அல்ல, சதவீதம். அதாவது டயரின் பக்கச் சுவர் உயரம் அகலத்தில் 45 சதவீதம். ஆர் என்றால் ரேடியல். 17 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். ஒரே வரியில் மில்லிமீட்டர், சதவீதம், அங்குலம் என மூன்று அளவுகள்! யார் இப்படி ஒரு கலவையைச் செய்தார்களோ தெரியாது, எக்ஸெல் பயிற்சிக்கு அது நல்லதாகப் போயிற்று.

கம்ப்யூட்டரில் எக்ஸெல் இல்லையென்றால் கவலை வேண்டாம். லிப்ரே ஆபீஸ் தொகுப்பில் உள்ள கால்க் புரோகிராம் இலவசம். இதையே அதிலும் செய்திடலாம். புதிய ஒர்க்ஷீட் ஒன்றைத் திறந்து முதல் வரிசையில் அகலம், சதவீதம், ரிம், விட்டம், வித்தியாசம் என்று ஐந்து தலைப்புகளை டைப் செய்திடவும். இரண்டாவது வரிசையில் ஏ2, பி2, சி2 செல்களில் 215, 45, 17 என்று தனித்தனியாகக் கொடுங்கள். அடுத்து டி2 செல்லில் =சி2*25.4+2*ஏ2*பி2/100 என்று பார்முலா அமைத்து என்டர் தட்டவும். செல் பெயர்களைக் கீபோர்டில் ஆங்கில எழுத்தில்தான் டைப் செய்ய வேண்டும், இங்கே படிப்பதற்காகத் தமிழில் கொடுத்திருக்கிறேன். ஓர் அங்குலம் 25.4 மில்லிமீட்டர். பக்கச் சுவர் ரிம்முக்கு மேலேயும் இருக்கிறது, கீழேயும் இருக்கிறது. அதனால்தான் இரண்டால் பெருக்குகிறோம். இதை மறந்து ஒரு சுவரை மட்டும் கூட்டுபவர்கள் அதிகம். விடை 625.3 என்று வர வேண்டும். அதுதான் ஒரிஜினல் டயரின் முழு விட்டம், மில்லிமீட்டரில்.

மாற்ற நினைக்கும் அளவுகளை அடுத்தடுத்த வரிசைகளில் கொடுங்கள். இ3 செல்லில் =(டி3-டி$2)/டி$2*100 என்று அமைத்தால் ஒரிஜினலைவிட எத்தனை சதவீதம் உயரம் அல்லது குட்டை என்று தெரியும். டாலர் குறி எதற்கு என்றால், பார்முலாவைக் கீழே இழுத்து காப்பி செய்திடும்போது இரண்டாவது வரிசை மாறாமல் நிற்பதற்கு. டாலர் குறியின் பயனை எத்தனையோ புத்தகங்களில் படித்தும் புரியாதவர்களுக்கு, நான்கு டயர் அளவைப் போட்டுப் பார்த்தால் புரிந்துவிடும்.

நான் செய்த முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். ரிம் செல்லில் விட்டத்தோடு அகலத்தையும் குறித்து வைக்கலாமே என்று 18/8 என டைப் செய்தேன். எக்ஸெல் அதை ஆகஸ்ட் 18 என்று தேதியாக்கிவிட்டது. தேதியை அது உள்ளே ஒரு பெரிய எண்ணாகத்தான் வைத்திருக்கும். அந்த எண் 25.4-ஆல் பெருக்கப்பட்டு, டயரின் உயரம் ஒரு கிலோமீட்டருக்கும் மேல் என்று விடை வந்தது. அபத்தமாக வந்ததால் உடனே கண்டுபிடித்தேன். 630-க்குப் பதில் 640 என்று வந்திருந்தால் அப்படியே நம்பியிருப்பேன்! ஒரு செல்லில் ஓர் எண்தான். ரிம் அகலத்துக்குத் தனிக் காலம் போடுங்கள்.

இப்போது மைத்துனர் சொன்ன 245/35 ஆர் 18-ஐப் பார்க்கலாம். விட்டம் 628.7, வித்தியாசம் 0.54 சதவீதம். அருமை! 225/40 ஆர் 18 போட்டால் 637.2, அதாவது 1.9 சதவீதம் அதிகம். 245/40 ஆர் 18 என்றால் 653.2, வித்தியாசம் 4.46 சதவீதம். பெரும்பாலான கால்குலேட்டர் தளங்கள் மூன்று சதவீதத்தை எல்லையாக வைத்துக்கொண்டு, அதற்குள் வந்தால் பச்சை, தாண்டினால் சிவப்பு என்று காட்டுகின்றன.

விட்டத்துக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்? கார் தன் வேகத்தைச் சக்கரம் சுற்றுவதை வைத்துத்தான் கணக்கிடுகிறது. டயர் உயரமானால் ஒரு சுற்றுக்கு அதிக தூரம் ஓடும், ஆனால் ஸ்பீடோமீட்டருக்கு அது தெரியாது. 245/40 போட்டு, மீட்டரில் 120 காட்டும்போது கணக்குப்படி 5 கிலோமீட்டர் கூடுதலாக ஓடிக்கொண்டிருப்பீர்கள். ஐக்கிய நாடுகள் சபையின் ஐரோப்பிய பொருளாதார ஆணையம் வகுத்த 39-ம் எண் விதிப்படி, ஸ்பீடோமீட்டர் உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டவே கூடாது, கொஞ்சம் கூட்டிக் காட்டலாம். கார் கம்பெனிகள் கூட்டித்தான் வைக்கின்றன. உயரமான டயர் போட்டால் அந்தப் பாதுகாப்பு இடைவெளியை நாமே தின்றுவிடுகிறோம்.

ஆக, ஒர்க்ஷீட்டின்படி மைத்துனர் தேர்ந்தெடுத்த அளவுதான் எல்லாவற்றிலும் சிறந்தது. இணையதளமும் அதையே சொன்னது. இரண்டு கம்ப்யூட்டர்கள் ஒத்துப்போகின்றன. பிறகு என்ன பிரச்னை?

"மாப்பிள்ளை, அந்த ரிம்மோட அகலம் என்ன?" என்று கேட்டேன்.

"18 இஞ்ச் அத்தான்."

"அது விட்டம். அகலம்?"

அரை மணி நேரம் கழித்து வாட்ஸ்அப்பில் ரிம்மின் பின்பக்கம் எடுத்த படம் வந்தது. அதில் வார்த்திருந்த எழுத்துகளில் அகலம் 7.5 என்று தெளிவாக இருந்தது. 245/35 ஆர் 18 டயருக்கு, குறைந்தது 8 அங்குலம், அதிகபட்சம் 9.5 அங்குல அகல ரிம்தான் பொருத்தம். டயர் கம்பெனிகள் தங்கள் அளவுப் பட்டியலில் ஒவ்வொரு அளவுக்கும் இந்த எல்லையைக் கொடுத்திருக்கும். ஒல்லி ரிம்மில் அகல டயரை மாட்டினால் என்ன ஆகும்? கடைக்காரர் எப்படியாவது மாட்டிவிடுவார். பக்கச் சுவர்கள் உள்ளே கிள்ளப்பட்டு, தரையில் படும் பகுதி நடுவில் புடைக்கும். திருப்பத்தில் டயர் அசைந்து, ஸ்டீயரிங் மந்தமாகும். அகல டயர் எதற்காகப் போடப்பட்டதோ அந்தப் பயனே போய்விடும். அதிலும் கோடையில் 45 டிகிரியைத் தாண்டும் ஊரில், 120 கிலோமீட்டர் வேகத்தில், மனைவி குழந்தையோடு போகிற வண்டி அது.

அந்த இணையதளத்தில் ரிம் அகலம் கேட்கும் பெட்டியே இல்லை. அது பொய் சொல்லவில்லை. உயரம் சரியா என்று கேட்டோம், சரி என்றது. ரிம் அகலத்தையும் ஆப்செட்டையும் கேட்கிற நல்ல தளங்களும் இருக்கின்றன. ஆனால் அவை கேட்கும் எண்களை நாம்தான் வண்டியில் பார்த்துக் கொடுக்க வேண்டும். குனிந்து பார்க்கச் சோம்பல்பட்டு ஊகத்தில் அடித்தால் பச்சை டிக்குக்கு மதிப்பில்லை. இப்போது ஏஐ சாட் புரோகிராம்களிடமும் பலர் இதைக் கேட்கிறார்கள். கேளுங்கள், ஆனால் கணக்கையும் எழுதிக் காட்டச் சொல்லி ஒர்க்ஷீட்டில் சரிபாருங்கள்.

ஆப்செட் என்றேனே, அது ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து, அச்சோடு சேரும் முகம் எவ்வளவு தள்ளியிருக்கிறது என்பது. டொயோட்டா 86-ன் ஒரிஜினல் ரிம் 7 அங்குல அகலம், ஆப்செட் 48 மில்லிமீட்டர். 8.5 அங்குல அகலத்தில் 35 ஆப்செட் உள்ள ரிம் வாங்குவதாக வைத்துக்கொள்வோம். அகலம் ஒன்றரை அங்குலம், அதாவது 38.1 மில்லிமீட்டர் கூடுகிறது. பாதி வெளியே, பாதி உள்ளே என்றால் 19 மில்லிமீட்டர் வீதம். ஆப்செட் 13 குறைந்ததால் ரிம் முழுவதுமே 13 மில்லிமீட்டர் வெளியே நகர்கிறது. ஆக வெளிப்பக்கம் 32 மில்லிமீட்டர் துருத்தும், உள்பக்கம் ஷாக் அப்சர்பரை நோக்கி 6 மில்லிமீட்டர் நெருங்கும். 32 மில்லிமீட்டர் என்பது ஏறக்குறைய இரண்டு விரல் அகலம். மட்கார்டுக்குள் அவ்வளவு இடம் இருக்கிறதா என்பதை எந்த ஒர்க்ஷீட்டும் சொல்லாது. ஸ்கேல் எடுத்துக்கொண்டு வெளியே போக வேண்டியதுதான்.

இந்த விஷயத்தில் கேம்ஸ் நம்மைக் கெடுத்து வைத்திருக்கிறது என்று நினைக்கிறேன். 2003-ல் வந்த நீட் ஃபார் ஸ்பீட் அண்டர்கிரவுண்ட் விளையாடிய தலைமுறைக்கு ரிம் என்பது மெனுவில் கிளிக் செய்திடும் அழகுப் பொருள். எதை மாட்டினாலும் உரசாது. மைத்துனரும் அந்தத் தலைமுறைதான்.

அடுத்தது அளவுக்குப் பின்னால் வரும் இரண்டு குறிகள். 86-ல் வரும் டயரில் 87 டபிள்யூ என்று இருக்கும். 87 என்பது எடைக் குறியீடு. ஒரு டயர் 545 கிலோ வரை தாங்கும் என்று பொருள். டபிள்யூ என்றால் மணிக்கு 270 கிலோமீட்டர் வேகம் வரை தாங்கும். மைத்துனர் பார்த்து வைத்திருந்த இன்னொரு அளவு 225/35 ஆர் 19. வித்தியாசம் 2.37 சதவீதம், இதற்கும் பச்சைதான். ஆனால் இந்த அளவில் 84 குறியீடு உள்ள டயரும் விற்கிறது, 88 உள்ளதும் விற்கிறது. 84 என்றால் 500 கிலோ. ஒரிஜினலைவிட ஒரு சக்கரத்துக்கு 45 கிலோ குறைவு. வண்டியே 1,240 கிலோ சொச்சம்தானே, நான்கு டயரும் சேர்ந்து 2,000 கிலோ தாங்குமே என்று நீங்கள் கணக்குப் போடலாம். நின்றுகொண்டிருக்கும் வண்டிக்கு அது சரி. வேகத்தில் பிரேக் அடிக்கும்போது எடை முன் சக்கரங்களுக்குப் பாயும், திருப்பத்தில் ஒரு பக்கத்துக்குச் சாயும். அதையெல்லாம் நினைத்துத்தான் கம்பெனி 87 என்று வைத்தது. ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். டயர் அளவும் காற்றழுத்தமும் அதில் எழுதியிருக்கும். எடைக் குறியீட்டுக்கும் வேகக் குறிக்கும் வண்டியின் கையேட்டைப் பாருங்கள். அதற்குக் கீழே இறங்காதீர்கள். ஒர்க்ஷீட்டில் இதற்கும் ஒரு காலம் போட்டு, குறைந்தால் சிவப்பாகும்படி கண்டிஷனல் பார்மட்டிங் அமைத்துவிட்டால் அழகாக இருக்கும்.

"போர்ஷேயில பின்னாடி மட்டும் அகல டயர் இருக்கே, அது மாதிரி ரெண்டு மட்டும் மாத்தட்டுமா?" என்று அடுத்த கேள்வி வந்தது. போர்ஷே 911 காரெராவின் 992 மாடலில் முன்னால் 235/40 ஆர் 19, பின்னால் 295/35 ஆர் 20. ஒர்க்ஷீட்டில் போட்டால் 670.6, 714.5 என்று இரண்டு விட்டங்கள் வரும். அந்தக் காரில் என்ஜின் பின்னால் இருக்கிறது. ஏபிஎஸ் முதலான எல்லாமே அந்த வித்தியாசத்துக்கு ஏற்ப அமைக்கப்பட்டவை. 86-ல் நான்கும் ஒரே அளவு. அதன் கம்ப்யூட்டர் நான்கு சக்கரங்களின் சுழற்சியையும் ஒப்பிட்டுத்தான் எது வழுக்குகிறது என்று கண்டுபிடிக்கிறது. பின்னால் மட்டும் விட்டத்தை மாற்றினால் அதைக் குழப்புவோம். முன்பின் டயரை மாற்றிப் போட்டுத் தேய்மானத்தைச் சமன் செய்யும் வசதியும் போய்விடும்.

இவ்வளவுக்கும் பிறகு, அகலம் எதற்கு என்ற கேள்வியை நான் திருப்பிக் கேட்டேன். 86 வந்தபோது, அதில் இருந்த மிஷெலின் பிரைமசி எச்பி டயர் பிரியஸ் காரில் வருவதுதான் என்று பலர் கேலி செய்தார்கள். பிரியஸ், பெட்ரோல் மிச்சம் பிடிக்கும் குடும்பக் கார். ஆனால் அது கஞ்சத்தனம் அல்ல. வேண்டுமென்றேதான் பிடிப்பு குறைவான ஒல்லி டயரைக் கொடுத்தார்கள் என்று தலைமைப் பொறியாளர் டெட்சுயா டாடா விளக்கினார். சாதாரண வேகத்திலேயே வண்டியின் அசைவை ஓட்டுபவர் உணர வேண்டும் என்பது நோக்கம். 2021-ல் வந்த அடுத்த தலைமுறை ஜிஆர் 86-ன் உயர் மாடலுக்கு 18 அங்குல ரிம் கொடுத்தார்கள். டயர் அளவு என்ன தெரியுமா? 215/40 ஆர் 18. ரிம் ஓர் அங்குலம் வளர்ந்தும் டயரை ஒரு மில்லிமீட்டர்கூட அகலமாக்கவில்லை. விட்டம் 629.2, பழையதோடு வித்தியாசம் 0.62 சதவீதம்தான். நம் ஒர்க்ஷீட் சொல்வதைத்தான் அவர்களும் செய்திருக்கிறார்கள்.

என் கருத்து இதுதான். ரிம்முக்குக் கொடுக்கும் பணத்தை, ஒரிஜினல் அளவிலேயே நல்ல ரகமான, புதிய டயருக்குக் கொடுக்கலாம். புதியது என்றால் கடையில் பளபளப்பது அல்ல. டயரின் பக்கத்தில் நான்கு இலக்க எண் இருக்கும். 2324 என்றால் 2024-ம் ஆண்டின் 23-வது வாரம் தயாரானது. வருடக்கணக்கில் கிடங்கில் கிடந்த அகல டயரைவிட, போன மாதம் தயாரான ஒல்லி டயரையே நான் தேர்ந்தெடுப்பேன்.

மைத்துனருக்கு மனம் ஆறவில்லை. பேரம் பேசி 225/45 ஆர் 17-ல் வந்து நின்றோம். பழைய ரிம்மே போதும். 7 அங்குல ரிம் அந்த டயருக்கு அனுமதிக்கப்பட்டதுதான், ஆனால் எல்லையின் கீழ் விளிம்பு. விட்டம் 634.3, வித்தியாசம் 1.44 சதவீதம், எடைக் குறியீடு 91. பத்து மில்லிமீட்டர் அவருடைய ஆசைக்கு, மீதி என் ஒர்க்ஷீட்டுக்கு.

டயர் மாட்டியதும் ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பி உரசுகிறதா என்று பார்க்கச் சொன்னேன், உரசவில்லை. பழைய டயர் இருந்தபோதே ஒரு சோதனை செய்து வைத்திருந்தோம். அவர் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து போனில் ஜிபிஎஸ் வேகத்தைப் பார்க்க, மீட்டரில் 100 வைத்து ஓட்டினார். ஜிபிஎஸ் 96 காட்டியது. அதை 1.44 சதவீதம் கூட்டினால் 97.4 வர வேண்டும் என்று ஒர்க்ஷீட்டின் கடைசி செல்லில் எழுதி வைத்திருந்தேன். புது டயரோடு அதே சாலையில் ஓட்டிவிட்டு வெள்ளிக்கிழமை போன் செய்தார்.

"97 காட்டுது அத்தான். நடுவுல ரெண்டு தடவை 98-னு வந்துச்சு."